"அவசரமா?" என்று கேட்பதா, "எப்போ வேணும்?" என்று கேட்பதா?

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையில் இருந்துகொண்டு ரத்தம் ஏற்பாடு செய்து கொடுப்பவனுக்கு இரண்டு மாநிலத்திலிருந்தும் போன் வரும். இந்தப் பக்கம் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி, அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி. எங்கிருந்து வந்தாலும் முதல் வார்த்தை "அண்ணே, அவசரம்" என்பதுதான்.

அந்த அவசரம் எவ்வளவு என்பதை யார் முடிவு செய்வது? கேட்பவரே சொல்லட்டும் என்று முதலில் விட்டுப் பார்த்தோம். நோட்டில் சாதாரணம், அவசரம், மிக அவசரம் என்று மூன்று கட்டம். இதில் நியாயம் உண்டு. நோயாளி பக்கத்தில் நிற்பவர் அவர்தான். கேள்வி கேட்டே நேரம் போகாது. ஆனால் ஒரே மாதத்தில் எல்லாரும் மூன்றாவது கட்டத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அம்மா ஆபரேஷனுக்குக் காத்துக் கிடக்கும்போது எந்தப் பிள்ளைக்கு "சாதாரணம்" என்று சொல்ல வாய் வரும்?

ஒரு ராத்திரி "மிக அவசரம், ஓ நெகட்டிவ்" என்றார்கள். மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி மழையில் பைக்கில் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். ஆபரேஷன் அடுத்த வாரம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒருமுறை கொடுத்தால் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். மூன்று வாரம் கழித்து, பிரசவத்தில் ரத்தப்போக்கு என்று அதே வகையைக் கேட்டார்கள். அந்தத் தம்பி பெயருக்கு நேரே சிவப்பு மையில் தேதி இருந்தது. கூப்பிட முடியவில்லை. வேறு ஆள் கிடைப்பதற்குள் விடிந்துவிட்டது. அந்த ராத்திரியை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

வெளியூருக்கு எக்ஸ்சேஞ்ச் வழியாகப் போன் போட்ட டிரங்கால் காலத்தில், சாதாரண அழைப்பைவிட அர்ஜெண்டுக்கு இரண்டு மடங்கு, அதைவிட முந்தும் லைட்னிங்குக்கு எட்டு மடங்கு கட்டணம். அதனால் யோசித்துக் கேட்டார்கள். ரத்தத்துக்கு அந்த வழி ஆகாது. காசு உள்ளவர் முந்திவிடுவார்.

அடுத்து, நாங்களே தரம் பிரித்தோம். ஆஸ்பத்திரியில் இதை ட்ரையேஜ் என்பார்கள். நாடி, மூச்சு, பிரஷர் பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். யார் சத்தமாக அழுதார்கள் என்று பார்ப்பதில்லை. முறை நல்ல முறைதான். ஆனால் நாங்கள் நர்ஸும் கிடையாது, நோயாளியைப் பார்ப்பதும் கிடையாது. தெரிந்தவர் குரல் என்றால் மனசு தானாக இளகுகிறது. "இது நாளைக்குப் போதும்" என்று நான் சொல்லி, அது தப்பாகிப் போனால்?

மான்செஸ்டர் ட்ரையேஜ் முறையைப் பற்றி வாசித்தபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. அதில் நோயாளியை எவ்வளவு நேரத்துக்குள் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு நிறத்துக்கும் கணக்கு உண்டு: சிவப்புக்கு உடனே, ஆரஞ்சுக்கு 10 நிமிடம், மஞ்சளுக்கு 60, பச்சைக்கு 120, நீலத்துக்கு 240. அப்படியானால் நேரத்தையே நேராகக் கேட்டுவிடலாமே!

இப்போது இரண்டே கேள்வி. "எத்தனை மணிக்குள்ள ஏத்தணும்னு டாக்டர் சொன்னாரு?" "ஏற்கெனவே ஏத்தினதுக்குப் பதிலாவா கேக்காங்க?" வங்கி ரத்தத்தை ஏற்கெனவே ஏற்றிவிட்டு அதற்கு ஈடாகக் கேட்டால் ராத்திரியே ஓட வேண்டியதில்லை; அதனால் இரண்டாவது கேள்வியிலேயே பாதி அவசரம் அடங்கிவிடும். பிளேட்லெட் என்றால் 5 நாள்தான் தாங்கும், முன்கூட்டியே எடுத்து வைத்துப் பயனில்லை. சிவப்பணு 35 நாளோ அதற்கு மேலோ இருக்கும். எடுத்த ரத்தத்துக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா என ஐந்து பரிசோதனை முடியவேண்டும். அதனால் நிமிஷக் கணக்கில் வேண்டியவருக்கு ரத்த வங்கியில் இருப்பதுதான் கைகொடுக்கும். இதைக் கேட்பவரிடம் சொல்லிவிட்டால் அவரே முதலில் அங்கே ஓடுகிறார்.

இதிலும் ஓட்டை உண்டு. டாக்டர் நேரம் சொல்லாத கேஸ்கள் வருகின்றன. அப்போது நாங்களே ரத்த வங்கிக்குப் போன் போட்டுக் கேட்கிறோம். பத்து நிமிஷம் போகும். அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுக்க நான் தயார்.

போன வாரம் ஒரு பெண் பேசினாள். "அவசரம்ணே" என்றுதான் அவளும் தொடங்கினாள். எத்தனை மணிக்குள் என்று கேட்டேன். பக்கத்தில் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து, "வியாழக்கிழமை காலைல எட்டு மணிக்குள்ள போதுமாம்ணே" என்றாள்.