பாடம் நடத்துவதற்கு எத்தனை மதிப்பெண்? உலகத் தரவரிசைப் பட்டியல்கள் பற்றி ஒரு மதிப்புரை

என் மகள் பள்ளிப்படிப்பை முடித்து, இயற்பியல் படிக்க எந்தக் கல்லூரியில் சேர்வது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தபோது, நாங்கள் முதலில் எடுத்து வைத்துக்கொண்டவை உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியல்கள்தாம். ஷாங்காய், க்யூ.எஸ்., டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் ஆகிய மூன்றையும் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் புரட்டிப் பார்த்தோம். அவை எதற்குப் பயன்பட்டன, எதற்குப் பயன்படவில்லை என்பதை, அதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

மூன்றுமே இலவசமாகக் கிடைக்கின்றன. நாடு வாரியாகவும் பாடம் வாரியாகவும் பிரித்துப் பார்க்கலாம். தேடுவதற்கு வசதியான சேவை என்பதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. முதல் வாரம் முழுவதும் நாங்கள் எண்களைத்தான் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு பெரிய தாளில் கல்லூரிப் பெயர்களை எழுதி, பக்கத்தில் மூன்று பட்டியல்களிலும் உள்ள இடங்களைக் குறித்துக்கொண்டே வந்தபோது, மகள் பேனாவை வைத்துவிட்டு, “அப்பா, இதில் பாடம் நடத்துவதற்கு எத்தனை மார்க்?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான், அதுவரை நான் திறக்காமலே விட்டிருந்த கணக்கீட்டு முறைப் பக்கங்களைப் படிக்கத் தொடங்கினேன்.

ஷாங்காய் பட்டியல் 2003-இல் தொடங்கியது. அதில் நோபல் பரிசோ கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமோ பெற்ற முன்னாள் மாணவர்களுக்கு 10 விழுக்காடு, அவற்றைப் பெற்ற ஆசிரியர்களுக்கு 20 விழுக்காடு; அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்கள், நேச்சர், சயன்ஸ் ஆகிய இரண்டு இதழ்களில் வெளிவந்த கட்டுரைகள், மொத்த ஆய்வுக் கட்டுரைகள் ஆகியவற்றுக்குத் தலா 20; எஞ்சிய 10 இவற்றையெல்லாம் ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்து வருவது. வகுப்பறையில் நடப்பதை நேராக அளக்கும் அளவுகோல் ஒன்றுகூட அதில் இல்லை. ஆய்வுக்காகப் பல்கலைக்கழகம் தேடுபவருக்கு இது நேர்மையான, தெளிவான கருவி. பட்டப்படிப்பின் முதல் ஆண்டில் காலடி வைக்கப்போகும் மாணவிக்கு அது வேறொருவர் கேட்ட கேள்விக்கான விடை.

க்யூ.எஸ். பட்டியலில் பெரும்பங்கு நற்பெயருக்கு. கல்வியாளர்களிடம் கருத்துக் கேட்டுப் பெறும் மதிப்புக்கு நெடுங்காலம் 40 விழுக்காடு இருந்தது; 2023-இல் வெளியான பட்டியலில் அதை 30 ஆக்கினார்கள். அதே முறை ஆசிரியர்–மாணவர் விகிதத்துக்கு இருந்த 20 விழுக்காட்டை 10 ஆகக் குறைத்தார்கள். மாணவருக்கு ஓரளவாவது நெருக்கமாக இருந்த அளவுகோலின் எடை பாதியாகிவிட்டது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. எடையை மாற்றினாலே இடமும் மாறும் என்பதால், அந்த ஆண்டில் ஒரு கல்லூரி ஏறியது, இறங்கியது என்பதை வைத்து அங்கே எதுவோ மாறிவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. அந்த விகிதத்தையும் அப்படியே நம்ப முடியாது. பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று காட்டும் கல்லூரியிலேயே, முதலாண்டு விரிவுரைக்கு இருநூறு பேர் ஒரே அரங்கில் உட்கார்ந்திருக்கலாம்.

மூன்றில் டைம்ஸ் மட்டுமே ‘கற்பித்தல்’ என்ற பெயரிலேயே ஒரு பிரிவு வைத்திருக்கிறது. ஆனால் 2024-ஆம் ஆண்டுக்கான பட்டியலில் அந்தப் பிரிவின் 29.5 விழுக்காட்டில் 15 விழுக்காடு, மறுபடியும், கருத்துக்கணிப்பில் கிடைக்கும் நற்பெயர். மகளின் கேள்விக்கு இதைத்தான் விடையாகச் சொல்ல முடிந்தது.

தரவு எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். அமெரிக்கக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் யூ.எஸ். நியூஸ் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்த கொலம்பியா பல்கலைக்கழகம் கொடுத்த புள்ளிவிவரங்கள் ஐயத்துக்குரியவை என்று, அங்கேயே பணியாற்றும் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ் 2022 தொடக்கத்தில் விரிவாக எழுதினார். வகுப்பின் அளவு போன்ற சில தகவல்கள் பிழையானவை என்று பல்கலைக்கழகம் பின்னர் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டுப் பட்டியலில் 18-ஆம் இடத்துக்குப் போனது. ஓராண்டு இடைவெளியில் அங்கே கற்பித்தல் பதினாறு படிகள் சரிந்துவிடவில்லை. கல்லூரியே தன்னைப் பற்றித் தரும் எண்களை நம்பியிருக்கும் எந்தப் பட்டியலையும் இந்த நிகழ்ச்சியை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

எங்களுக்குப் பயன்பட்டது பாடவாரிப் பட்டியல். மொத்த வரிசையில் மிகப் பின்னால் இருந்த ஒரு கல்லூரி இயற்பியலில் நன்றாக முன்னால் நின்றதை அதில்தான் கண்டோம். அது இல்லாவிட்டால் அந்தப் பெயர் எங்கள் தாளுக்கே வந்திருக்காது. பிறகு அந்தக் கல்லூரியையும், மொத்த வரிசையில் அதைவிட வெகுவாக மேலே இருந்த இன்னொன்றையும், வேலைநாளில் நேரில் போய்ப் பார்த்தோம். முன்னதில் துறை அலுவலகத்துக்கு வெளியே முதலாண்டுக் கால அட்டவணை ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பாடவேளைக்கும் நேராக ஆசிரியர் பெயர் இருந்தது. இயக்கவியல் வகுப்பு துறைத்தலைவருடையது. ஆய்வகத்துக்கு வெளியே நின்றிருந்த இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி தன் ரெக்கார்டு நோட்டை என் மகளிடம் நீட்டினாள். பிழை விகிதம் கணக்கிட்ட இடத்தில் சிவப்பு மையில் நான்கு வரி திருத்தம், ஏன் தவறு என்ற விளக்கத்தோடு இருந்தது. வரிசையில் மேலே இருந்த கல்லூரியின் அட்டவணையில், வகுப்புகள் தொடங்கி மூன்று வாரமாகியும், முதலாண்டின் ஐந்து பாடங்களில் மூன்றுக்கு நேராக ‘பின்னர் அறிவிக்கப்படும்’ என்றே இருந்தது.

ஆகவே பெயர் தெரியாத கல்லூரிகளைக் கண்டுபிடிக்க இந்தப் பட்டியல்களைத் தயங்காமல் பயன்படுத்தலாம். நேராகப் பாடவாரிப் பக்கத்திலிருந்தே தொடங்குவது நல்லது. நூற்றுப்பத்தாம் இடத்துக்கும் நூற்றுநாற்பதாம் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஷாங்காய்காரர்களே முதல் நூறுக்குப் பிறகு தனித்தனி இடம் தராமல் 101 முதல் 150 வரை ஒரே தொகுதியாகத்தான் போடுகிறார்கள். மகள் அந்த நான்கு வரித் திருத்தத்தைப் பார்த்த கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். எண்கள் எழுதிய தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். அடுத்து தம்பியின் முறை.