ஆல்பமா, மேடையா?

புது ஆல்பம் வந்த அன்று ஹெட்போனை மாட்டி, விளக்கை அணைத்துவிட்டு முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்பேன். பாடகர் வரிக்கு முன்னால் இழுக்கும் மூச்சுகூடக் காதில் விழும். அந்த நெருக்கம் மேடைக் கச்சேரியில் கிடைக்காது.

ஆனால் பேஸ் கிட்டார் நெஞ்சுக்குள் அதிர்வது அங்கேதான். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 34 மீட்டர் தள்ளி நின்றால் டிரம்மில் குச்சி விழுந்து பத்தில் ஒரு நொடி கழித்துத்தான் சத்தம் வரும். அதனால் முன்னால் போய் நிற்பேன், இயர்பிளக் போட்டுக்கொண்டு. ஒருமுறை அது இல்லாமல் போய், மறுநாள் முழுக்கக் காதில் ரீங்காரம்.

ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால்? மேடைதான். மூன்று நிமிடப் பாட்டைப் பத்து நிமிடம் வளர்த்து, பாடகர் மைக்கை நம் பக்கம் நீட்டும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.