மாடித்தோட்டத்துக்கு ‘ஒரே டேங்க்’ மருந்து அடிப்பவர்களிடம் உஷார்

சென்னையில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. வீட்டுக்கே வந்து செடிக்கு மருந்து அடித்துத் தரும் ஆட்கள் இப்போது ஏரியாவுக்கு ஏரியா இருக்கிறார்கள். மடிப்பாக்கத்தில் எங்கள் மொட்டைமாடியில் அப்படி ஒருவர் செய்துவிட்டுப் போன கூத்து இது.

புடலை, பீர்க்கையில் சாம்பல் நோய்; கத்தரியில் மாவுப்பூச்சி. நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகத்தூள்), காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சை மருந்து, வேப்பெண்ணெய், சூடோமோனாஸ் என்ற நுண்ணுயிர் மருந்து என்று நான்குக்கும் தனித்தனியாகக் காசு வாங்கினார். பிறகு நான்கையும் ஸ்பிரேயரின் ஒரே டேங்கில் கொட்டினார். கேட்டதற்கு, “தனித்தனியா அடிச்சா நாலு தடவை வரணும் சார்” என்றார். சித்திரை மாதம், உச்சி வெயில் வேறு.

டேங்கில் எண்ணெய் திட்டுத்திட்டாக மிதந்தது, அடியில் நீலப்பச்சையாகக் கசடு. நாசில் அடைத்துக்கொள்ள, அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார்! கையில் கிளவுஸும் இல்லை. பதறிப்போய் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தால், “பழகிடுச்சு சார்” என்று சிரிக்கிறார்.

அப்புறம் நடந்தது ஊகிக்கக்கூடியதுதான். புடலை இலைகள் ஓரத்திலிருந்து கருகி, அப்பளம்போல் நொறுங்கின. கந்தகத்தையும் எண்ணெயையும் சேர்த்து அடிக்கவே கூடாது. ஒன்று அடித்தபின் மற்றதற்கு இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் கந்தகம் தனியாகவே இலையைச் சுட்டுவிடும், அதிலும் கொடிக்காய்களுக்கு அது ஆகவே ஆகாது. சூடோமோனாஸ் உயிருள்ள பாக்டீரியா. காப்பரோ பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. கொல்வதற்கும் காசு, சாவதற்கும் காசு.

போனில் கேட்டால் “வெயில்ல கருகியிருக்கும் சார்” என்றார். ஆனால் மாடியின் மறுகோடியில், டேங்க் காலியானதால் மருந்து படாமல் தப்பிய இரண்டு பையில் வளரும் புடலைக் கொடி அதே வெயிலில் பச்சைப்பசேலென்று நிற்கிறது. போட்டோ அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்தது, பதில் இல்லை.

பில்லும் தரவில்லை. மருந்தெல்லாம் லேபிள் இல்லாத கவர்களில் வந்தது. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் இல்லாமல் விற்கவே கூடாது. பாக்கெட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று விஷத்தின் அளவைக் காட்டும் டைமண்ட் வடிவக் குறி இருக்க வேண்டும். அது இல்லாத கவரோடு வருபவரைக் கேட்டிலேயே திருப்பி அனுப்புங்கள். கலந்துதான் அடிப்பேன் என்றால், முதலில் அதே விகிதத்தில் ஒரு கண்ணாடி பாட்டிலில் கலக்கி அரை மணி நேரம் வைக்கச் சொல்லுங்கள். திரிந்தாலோ, கசடு தங்கினாலோ, பாட்டில் சூடானாலோ டேங்குக்குப் போகக் கூடாது. திரியாவிட்டாலும் செடிக்கு ஒத்துக்கொள்ளும் என்று அர்த்தமில்லை. ஒரு செடியில் மட்டும் அடித்துச் சில நாள் பாருங்கள். சந்தேகமென்றால் 1800-180-1551, கிசான் கால் சென்டர் (விவசாயிகளுக்கான அரசு உதவி எண்), தமிழிலேயே பேசலாம்.

நேற்று அவரிடமிருந்து மெசேஜ் வந்தது. மன்னிப்பு இல்லை, பணமும் இல்லை. “கருகின செடி தேற டானிக் இருக்கு சார், 600 ரூபாய்தான்.”