டிரெயில்ஹெட்டா, வளாக உதவி மேசையா?

பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மாணவர், முன்னாள் மாணவர் தொடர்புகளுக்கு சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற தொடர்பு மேலாண்மை மென்பொருளையும், மொத்தமாக மின்மடல் அனுப்பும் அதன் மார்க்கெட்டிங் கிளவுடையும் பயன்படுத்துகின்றன. புதிதாகச் சேரும் ஊழியர் எங்கே கற்பது?

டிரெயில்ஹெட் சேல்ஸ்ஃபோர்ஸின் சொந்தப் பயிற்சித் தளம். 2014இல் வந்தது, இலவசம். சின்னச் சின்னப் பாடங்கள், முடித்தால் பேட்ஜ். டேட்டா எக்ஸ்டென்ஷன் (பெறுநர் விவரங்கள் இருக்கும் அட்டவணை) என்றால் என்ன, ஜர்னி பில்டர் (மடல்களை வரிசையாகத் தானாக அனுப்பும் கருவி) எப்படி ஓடும் என்பதெல்லாம் தெளிவாக இருக்கும். ஆனால் மார்க்கெட்டிங் கிளவுட் பாடங்களில் பெரும்பாலும் வினாடி வினாதான். கை வைத்துப் பழக இடம் குறைவு. உதாரணங்களும் கடைக்காரர்களுக்கானவை. கூடையில் பொருளை விட்டுப்போன வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு சேர்க்கை அலுவலகம் என்ன செய்யும்?

வளாக உதவி மேசை, அதாவது பல்கலைக்கழகத்தின் சொந்தத் தொழில்நுட்ப உதவிப் பிரிவு, மெதுவானது. டிக்கெட் (உதவிக் கோரிக்கை) போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வழிகாட்டிப் பக்கங்களில் பழைய திரைப்பிடிப்புகள் அப்படியே கிடக்கும். ஆனாலும் சில கேள்விகளுக்கு அங்கேதான் பதில். "மடல் வேண்டாமென்று ஏற்கெனவே விலகிய முன்னாள் மாணவர்கள் எந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்?" இதை எந்த பேட்ஜும் சொல்லாது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தன் பயனர்களுக்கு நாளுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோரிடம் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற, மடல் உண்மையான அனுப்புநரிடமிருந்து வந்ததா என்று காட்டும் மூன்று சரிபார்ப்புகளையும் கேட்கிறது. இவை பல்கலைக்கழக இணையப் பெயருக்கான டிஎன்எஸ் பதிவுகளில் இருக்கும்; அவற்றைத் தொடும் உரிமை வளாகத் தொழில்நுட்பப் பிரிவிடம்தான்.

நாளைக்கே மடல் போக வேண்டுமென்றால் நேராக உதவி மேசைக்குப் போங்கள். செமஸ்டர் விடுமுறையில் நேரம் கிடைக்கிறதா? சரி, அப்புறம் டிரெயில்ஹெட்டைத் திறக்கலாம். பேட்ஜ் எண்ணிக்கையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.