ஐந்து விரல் சப்பாத்து: வாங்குமுன் வெறுங்காலில் ஒரு சுற்று

விப்ரம் ஃபைவ்ஃபிங்கர்ஸ் காலுக்குப் போடும் கையுறை மாதிரிதான். விரலுக்கொரு பை, அடியில் சில மில்லிமீட்டர் ரப்பர், அவ்வளவே. வழக்கமான ஓட்டச் சப்பாத்தில் குதிகால் முன்பாதத்தைவிட 10 மில்லிமீட்டர் வரை உயர்ந்திருக்கும். இதில் அந்த மேடே கிடையாது. அதனால் குதிகால் நாண் முழு நீளத்துக்கு இழுபடும், மெத்தை செய்த வேலை கெண்டைக்கால் தலையில் விழும். முதல் வாரம் மாடிப்படி இறங்கும்போது அது தெரியும்.

சப்பாத்தாகப் பார்த்தால் நல்ல சரக்கு. ஓடக் கற்றுக்கொள்ள இதைவிட வெறுங்கால் மேல். தப்பாக ஓடினால் தோல் உடனே எரியும், ஓடுபவர் நின்றுவிடுவார். மெல்லிய ரப்பர் அந்த எரிச்சலை மறைத்துவிடுவதால் அடி எலும்புக்குப் போகிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 10 வாரம் இதற்கு மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்பினுள் வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. உடல்நலப் பலன்கள் பற்றிய விளம்பரத்தை எதிர்த்த வழக்கை 2014இல் நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலே 37.5 லட்சம் அமெரிக்க டாலருக்குச் சமரசம் செய்தது. எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலில் வென்றதைச் சொல்பவர்கள், 1964இல் தோக்கியோவில் அவரே சப்பாத்து போட்டு வென்றதைச் சொல்வதில்லை!

ஆகவே முதலில் விளையாட்டரங்க ஓடுபாதையில் ஒரு சுற்று, 400 மீட்டர். வாரம் மூன்று நாள், இடையில் ஒருநாள் ஓய்வு. வலி இல்லாவிட்டால் மட்டும் அடுத்த வாரம் இன்னொரு சுற்று. காலடி குட்டையாக, நிமிடத்துக்கு 170, 180 என்ற கணக்கில் விழட்டும். 'தொப் தொப்' என்று கேட்டால் கால் உடலுக்கு முன்னால் தள்ளி விழுகிறது என்று பொருள். கெண்டைக்கால் வலி சில நாளில் போகும். பாதத்தின் மேற்புறத்தில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலிக்கிறதா, ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள், எலும்புக் கீறலாக இருக்கலாம்.

நேரம் காலை ஏழுக்கு முன் அல்லது பொழுது சாய்ந்த பிறகு. நண்பகல் தார்ச்சாலை எப்படிச் சுடும் என்பதைத் தைப்பூசத்தில் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை வெறுங்காலில் நடந்தவர்களிடம் கேட்டால் போதும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கண்ணாடிச் சில்லு, புல்வெளியில் எறும்பு. இந்தச் சப்பாத்து காசுக்கு ஈடு தருவது இங்கேதான்.

அளவு பார்க்க மாலையில் போங்கள், அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். விரல்களை விரித்து உள்ளே தள்ளி, பிறகு குதிகாலை இழுத்துவிட வேண்டும். சுண்டுவிரல் தன் பையைத் தவறவிட்டுப் பக்கத்து விரலோடு நுழைவது வழக்கம். கடையில் தெரியாது, இரண்டாவது கிலோமீட்டரில் கொப்புளம் சொல்லும். பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளமானவர்கள் அந்த விரலுக்குப் பார்த்தே அளவெடுக்க வேண்டும். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு வெறுங்காலும் வேண்டாம், இதுவும் வேண்டாம்.

மழைக்குப் பின் சாலையின் வரிக்கோட்டுப் பெயிண்டிலும் அடுக்குமாடி புளோக் கீழே பதித்த வழவழப்பான கல்லிலும் வழுக்கும். நாற்றம் இன்னொரு தலைவலி. நம் ஊர் ஈரத்தில் ஒரு ராத்திரியில் காயாது. ஓடி வந்ததும் குளிர்ந்த தண்ணீரில் அலசி, காற்றாடிக்கு நேரே வையுங்கள், டிரையரில் போடாதீர்கள்.