வாடையிலும் வெளிறாத எழுத்து: அழுத்தி அச்சிடும் டோனர் இயந்திரத்துடன் சில ஆண்டுகள்

திருகோணமலையில் போட்டோக்கொப்பிக் கடை நடத்துபவர்களுக்குக் காகித விலையைவிடக் கடற்காற்றுத்தான் பெரிய கவலை. கார்த்திகையில் வாடை தொடங்கினால், பிரித்து வைத்த தாள்கட்டு ஒரே இரவில் தளர்ந்துவிடும். வழமையான லேசர் இயந்திரத்தில் டோனர் எனும் மைத்தூளைத் தாளுக்கு இழுப்பது மின்னூட்டம். தாளின் பின்னால் சுழலும் பஞ்சு உருளை எதிர் மின்னூட்டம் கொடுத்து இழுக்கிறது. ஈரத்தாளில் அந்த மின்னூட்டம் கசிந்துபோவதால் கறுப்பாக வரவேண்டிய தலைப்பு திட்டுத்திட்டாக வெளிறிவிடும். கோயில் திருவிழா அறிவித்தலை அப்படிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

அதனால்தான், அழுத்தத்தால் டோனரைப் பதிக்கும் பாவித்த கறுப்பு வெள்ளை இயந்திரமொன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். இதில் பட உருளையில் (முன்சொன்ன பஞ்சு உருளை அல்ல, டோனர் எழுத்தாக ஒட்டும் உருளை) உருவாகும் டோனர்ப் படம் முதலில் சூடான சிலிக்கோன் ரப்பர் பட்டிக்கு மாறுகிறது. அங்கே இளகிய டோனரைப் பட்டி தாளோடு வைத்து அழுத்த, அது நார்களுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. டோனர், பட உருளையைவிட ரப்பரிலும், ரப்பரைவிடத் தாளிலும் வலுவாக ஒட்டும் என்பதே இதன் அடிப்படை. படம் தாளுக்கு மாறுவதும் நிலைப்பதும் ஒரே அழுத்தலில் முடிவதால், டோனரைச் சூட்டால் தாளில் நிலைப்படுத்தும் பியூசர் என்று தனியாக ஒன்று இல்லை.

முறை பழையதுதான். 1938 ஒக்டோபர் 22 அன்று நியூயோர்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் முதல் பிரதியை எடுத்தபோது, கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டில் ஒட்டியிருந்த லைக்கோபோடியம் எனும் நுண்ணிய தாவரத் தூளை மெழுகுத்தாளை அழுத்தியே எடுத்தார். பிறகு சூடாக்கி நிலைப்படுத்தினார். மின்னூட்டத்தால் தாளுக்கு இழுக்கும் வழி அதன் பின்னர் வந்தது.

இந்த இயந்திரத்தின் அருமை முப்பத்தோராம் நாள் நினைவு மலர் அச்சிடும்போது தெரியும். மேலட்டைக்குப் பலர் புடைப்பு வரியுள்ள தடித்த மட்டையைக் கேட்பார்கள். மின்னூட்ட முறையில் பள்ளங்களுக்குள் டோனர் சரியாக இறங்காது. இறந்தவரின் பெயரிலேயே வெள்ளைப் புள்ளிகள் விழும். ரப்பர் பட்டி பள்ளத்துக்குள்ளும் வளைந்து அழுத்துவதால் எழுத்து முழுமையாக வருகிறது. விரலால் தேய்த்தாலும் உதிர்வதில்லை. குடும்பத்தவர்கள் காலமெல்லாம் வைத்திருக்கப்போகும் மலருக்கு இது பெரிய விடயம்.

மின்னூட்ட இயந்திரத்திலும் அழுத்தம் உண்டு, ஆனால் அங்கே அது கூடக்கூடாது. கூடினால் டோனர்த் துகள்கள் இறுகிப் பட உருளையிலேயே தங்கி, எழுத்துக் கோட்டின் நடுப்பகுதி வெறுமையாகிவிடும். என்னுடையதில் கவனிக்கவேண்டியது இரு பக்க அழுத்தமும் சமமாக இருக்கிறதா என்பதே. ஒரு பக்கம் தளர்ந்தால் அந்த ஓரம் மங்கும், தாளிலும் சுருக்கம் விழும்.

ஈரம் முழுவதும் தோற்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். வாடைக்காலத் தாள் சூட்டில் வளைகிறது. இரு பக்க அச்சில் அது சிக்கும். கச்சான் வீசும் மாதங்களில் காய்ந்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இரண்டாக இழுபடுகின்றன. படம் கெடுவதில்லை, தாள் வீணாகிறது. சூடேற நேரம் எடுப்பதால் மின்வெட்டு நாட்கள் மிகச் சிரமம். உயர்தர மாணவர்கள் மாதிரி வினாத்தாளுக்கு வாசலில் காத்திருக்கும்போது அந்தத் தாமதம் கனக்கும்.

செலவெல்லாம் பட்டியில்தான். மலிவுத் தாளின் சுண்ணத்தூசி ரப்பரில் படிந்தால் டோனர் முழுமையாகக் கழன்று வராது. முந்தைய பக்கத்தின் நிழல் அடுத்ததில் தெரியும். நீண்ட காலம் ஏ4 மட்டும் ஓட்டினால் தாளின் ஓரம் ரப்பரில் கோடு போட்டுவிடும், ஏ3 எடுக்கும் நாளில் அது அச்சிலும் விழும். ஆகவே தூசி குறைந்த தாளையே வாங்குகிறேன், ஏ3 வேலைகளைப் புதுப் பட்டி போட்டவுடன் முடித்துவிடுகிறேன். பட்டி இங்கே கிடைப்பதில்லை, கொழும்பில் சொல்லிவைத்துத்தான் வரவேண்டும். வாங்க நினைப்பவர்கள் இயந்திரத்தின் விலையைக் கேட்கும்போதே ஒரு மாற்றுப் பட்டியையும் சேர்த்துப் பேசுங்கள்.