படிப்புக் குழுவுக்கு வாட்ஸ்அப்பா, டெலிகிராமா?

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் எங்கள் கிளை நூலகக் குழுவை வாட்ஸ்அப்பிலிருந்து டெலிகிராமுக்கு மாற்றிவிட்டோம். "இருந்தது நல்லாத்தானே போய்க்கிட்டிருந்தது?" என்று கேட்டவர்கள் உண்டு. தங்கள் குழுவுக்கு எது சரிவரும் என்று கேட்பவர்களும் உண்டு. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிட்டது. காரணத்தைச் சொல்கிறேன்.

இரண்டும் இலவசம். குரல்பதிவு, வாக்கெடுப்பு, 2 ஜிபி வரை கோப்பு அனுப்பும் வசதி எல்லாம் இரண்டிலும் இருக்கின்றன. வாட்ஸ்அப் எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கிறது, டெலிகிராமைப் புதிதாகப் போடச் சொல்ல வேண்டும். இதில் எதுவும் முடிவை மாற்றாது. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் அனுப்பிய கோப்பு கடைசியில் எங்கே தங்குகிறது?

வாட்ஸ்அப்பின் சர்வர், அதாவது அந்த நிறுவனத்தின் கணினி, தபால்காரர் மாதிரி. கொண்டுபோய்க் கொடுத்ததும் அதன் வேலை முடிந்தது. செய்தி உரியவரைச் சேர்ந்தால் சர்வரிலிருந்து நீங்கிவிடும், சேராமல் கிடப்பது 30 நாள் வரை காத்திருக்கும். அதற்கப்புறம் அந்தப் பிடிஎஃப்புக்கு ஊர் உலகத்தில் இருக்கும் இடம், அதை இறக்கிவைத்தவர்களின் போன்கள் மட்டுமே. 50 எம்பி கோப்பை நாற்பது பேர் குழுவில் போட்டால், நாற்பது போன்களிலும் தலா 50 எம்பி இடம் போகும். டெலிகிராமில் சாதாரண அரட்டையும் குழுவும் சேனலும் (அட்மின் மட்டும் போட, மற்றவர்கள் பார்க்கும் பக்கம்) சர்வரிலேயே இருக்கின்றன. போனில் இருப்பது தற்காலிகப் பிரதி. அதை அழித்தாலும் மூலப்பிரதி அங்கே அப்படியே இருக்கும், வேண்டும்போது மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

இந்த ஒரு வித்தியாசம் படிப்புக் குழுவில் என்ன செய்கிறது என்று பாருங்கள். எங்களிடம் படிப்பவர்களில் பாதிப் பேர் கையில் இருப்பது 32 ஜிபி போன். அதிலும் ஆண்ட்ராய்டே ஒரு பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான பாடநூல்கள், பழைய வினாத்தாள்கள், நோட்டை விரித்துவைத்து எடுத்த படங்கள் என்று சில மாதங்களில் போன் முக்க ஆரம்பித்துவிடும். தையல் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் தங்கை ஒருத்தியின் போனில் வாட்ஸ்அப் கோப்புறையைத் திறந்து பார்த்தேன். படங்களுக்கெல்லாம் ஐஎம்ஜி என்று தொடங்கி, தேதி, அப்புறம் டபிள்யூஏ, அதன் பின் ஒரு எண். இதில் எது பெயரெச்சம், எது பஞ்சாயத்து ராஜ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போனை காலி செய்யும் அவசரத்தில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிப்பார்கள். பிறகு "அண்ணா, அந்த இலக்கணம் பிடிஎஃப் மறுபடி போடுங்க" என்று வருவார்கள். இறக்காமலே விட்டுவைத்து ஒன்றிரண்டு மாதம் கழித்துத் தொட்டாலும் அதே கதைதான், அனுப்பியவரிடம் மறுபடி கேட்கச் சொல்லும்.

டெலிகிராமில் 'டேட்டா அண்ட் ஸ்டோரேஜ்' பக்கத்துக்குப் போய், ஒரு வாரத்துக்கு மேல் தொடாத கோப்புகள் போனிலிருந்து தானாக நீங்கும்படி வைத்துக்கொள்ளலாம். கோப்பைப் போடும்போது கூடவே #இலக்கணம், #அரசியலமைப்பு என்று ஒரு குறியைப் போட்டுவிட்டால் தேடுவதும் சுலபம். பாடக் குறிப்பு ஒலிப்பதிவை முழுவதும் இறக்காமலே பஸ்ஸில் கேட்கலாம். பிடிஎஃப்புக்கு அது நடக்காது, முழுதாக இறக்கித்தான் படிக்க வேண்டும். டேட்டா செலவு அங்கே மிச்சமில்லை.

புதிதாகச் சேருபவர் விஷயம் இன்னொன்று. தேர்வு அறிவிப்பு வந்த பிறகுதான் பாதிக் கூட்டம் வரும். வாட்ஸ்அப் குழுவில் முன்பு போட்டதெல்லாம் அவர்களுக்குத் தானாக வந்து சேராது. டெலிகிராம் சேனலில் முதல் நாள் போட்ட கோப்பு வரை மேலே தள்ளிப் பார்த்துக்கொள்ளலாம். "பழசெல்லாம் அனுப்புங்க" என்ற கோரிக்கை எங்களுக்கு அதோடு நின்றது.

வாட்ஸ்அப்புக்கும் கிளவுட் உண்டே, பேக்கப் எடுக்கிறதே என்பீர்கள். எடுக்கிறது, ஆனால் ஆண்ட்ராய்டில் அது போய் உட்காருவது உங்கள் கூகுள் கணக்கில். முன்பு அதற்கான இடத்தைக் கழிக்காமல் விட்டிருந்தார்கள். 2024 முதல் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் பொதுவான 15 ஜிபியிலேயே அதுவும் கழிகிறது. அந்த 15 ஜிபி நிறைந்தால் ஜிமெயிலுக்கு மின்னஞ்சல் வருவது நின்றுவிடும். விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

டிரைவ் லிங்க்கை மட்டும் பகிர்ந்தால் போதாதா என்றால், போதும்தான். ஆனால் அனுமதி அமைப்பு சரியாக இல்லையென்றால் ஆளுக்கொரு 'அனுமதி வேண்டும்' மின்னஞ்சல் வந்து குவியும். தனியாக ஒருவர் வைத்துக்கொள்ள டிரைவ் நல்லது.

சரி, டெலிகிராமின் மறுபக்கம். எல்லாம் சர்வரில் இருக்கிறது என்றால், சர்வர் வைத்திருப்பவர் கையிலும் இருக்கிறது என்றுதான் அர்த்தம். வாட்ஸ்அப் 2016 முதல் எல்லா அரட்டைகளையும் இரு முனைக் குறியாக்கத்தில், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற விதத்தில், அனுப்புகிறது. டெலிகிராமில் அது 'சீக்ரெட் சாட்' என்ற இருவர் அரட்டைக்கு மட்டுமே உண்டு, குழுவுக்குக் கிடையாது. ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகப் படம் எதையும் குழுவில் போடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டோம். வீட்டுப் பேச்சு எனக்கு இன்றும் வாட்ஸ்அப்பில்தான், அதை மாற்றும் எண்ணமும் இல்லை.

பதிப்புரிமையையும் மறக்க வேண்டாம். டெலிகிராமில் கோச்சிங் சென்டர் புத்தகங்களை அப்படியே ஸ்கேன் செய்து போடும் சேனல்கள் ஏராளம். தன் பாடங்கள் இப்படித் திருடப்படுவதாக ஓர் ஆசிரியை தொடர்ந்த வழக்கில், சேனல் நடத்துபவர்களின் விவரத்தைத் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2022-இல் உத்தரவிட்டது. சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது, அந்நாட்டுச் சட்டம் இடம் தராது என்று டெலிகிராம் சொன்ன வாதம் எடுபடவில்லை. பாடநூல், பழைய வினாத்தாள், நாமே எழுதிய குறிப்பு, இதற்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

டெலிகிராமின் கட்டணச் சேவையான பிரீமியத்துக்குப் பணம் கட்டிப் பார்த்ததில்லை, அதனால் அதன் 4 ஜிபி வரம்பைப் பற்றி அனுபவமாகச் சொல்ல எதுவும் இல்லை. ஐபோன் வைத்திருப்பவர்களும் எங்கள் குழுவில் மிகக் குறைவு. இங்கே சொன்னதெல்லாம் ஆண்ட்ராய்டு கதை.

மாறுவதாக முடிவெடுத்தால் ஒரு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் சில மாதங்களில் வேறொருவர் கைக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பில் அவர் நுழைந்தால் வெறும் திரைதான் தெரியும், உங்கள் பழைய அரட்டை அங்கே இருக்காது. டெலிகிராமில் எல்லாம் சர்வரில் இருப்பதால், எண்ணுக்கு வரும் குறியீடு கிடைத்தால் அரட்டை மொத்தமும் அவர் முன்னால் விரியும், சேனலும் சேர்த்து. இதைத் தடுக்க 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்ற இடத்தில் ஒரு கடவுச்சொல் போட்டுவிடுங்கள், இரண்டு நிமிட வேலை. சேனலுக்கு இரண்டாவது அட்மின் ஒருவரும் இருக்கட்டும். எங்களுடையதற்கு நூலகத்துக்குத் தினமும் வரும் ஓர் அண்ணனைப் போட்டிருக்கிறோம், அவருடையது போஸ்ட்பெய்டு எண்.